அத்தைக்கு ஆக்கிய ஆரைக்கீரை

சிங்கவரத்தில் எங்கள் கழனி வரப்போரம் தேங்கிய தண்ணீரில் ஆரைக்கீரை தானாகவே முளைத்துக் கிடக்கும். ஒரு காம்புக்கு நாலே நாலு இலை. பகலெல்லாம் விரித்திருந்துவிட்டுப் பொழுது சாய்ந்தால் மடித்துக்கொள்ளும். கீரை என்றாலே முகத்தைச் சுளிக்கும் நான் அதற்கு மட்டும் சட்டியோடு உட்கார்ந்துவிடுவேன். பூண்டு தட்டிப்போட்டு அம்மா கடைந்தால் அப்படி இருக்கும்.

நைனாவின் தங்கை, என் அத்தை, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்ததும் அதற்குத் தடை விழுந்தது. ஒருநாள் ஆசையாகப் பாவாடை மடி நிறையப் பறித்து வந்த என்னை அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"புள்ள பெறப்போறவ இருக்கற வூட்ல இத்த ஏன்டி எடுத்தாந்த? பால் வத்திப்பூடும்."

அவ்வளவும் எருக்குழிக்குப் போயிற்று. பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கத்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் அதைத் தின்பார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பாப்பா பிறந்தது. எனக்குக் காட்டக்கூட இல்லை. செஞ்சி ஆஸ்பத்திரியிலிருந்து 108 வண்டியில் விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார்கள். சில நாள் கழித்து அத்தை மட்டும் திரும்பி வந்தாள்.

"பாப்பா கண்ணாடிப் பொட்டில இருக்குது. எடை ஏறினதும் வரும்" என்றாள் அம்மா.

தூளி கட்டச் சொல்லி நச்சரித்தேன். யாரும் கட்டவில்லை. அத்தை சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். அவள் ஜாக்கெட்டின் முன்பக்கம் எப்போதும் ஈரமாக இருந்தது.

அத்தை வந்த மூன்றாம் நாள் அம்மாவே கூடையைக் கொடுத்து, "ஓடிப்போய் ஆரக்கீர பறிச்சாந்துடு" என்றாள். எனக்குத்தான் என்று நினைத்துக் கூடை வழிய வழியப் பறித்தேன். அம்மா அதைக் கடைந்து, சோற்றில் பிசைந்து, தட்டை அத்தைக்கு முன்னால் வைத்தாள். நாத்தனார் குடியைக் கெடுக்கும் அண்ணிகளை டி.வி. நாடகத்தில் தினமும் பார்க்கிறவள் நான். ஆனால் என் அம்மாவா? ஒரு கொலுசு விஷயமாக அவர்களுக்குள் மனத்தாங்கல் இருந்தது உண்மைதான். அதற்காகப் பச்சைக்குழந்தையின் வயிற்றில் அடிப்பாளா?

பாய்ந்துபோய்த் தட்டைப் பிடுங்கினேன். "தின்னாத அத்த. பாப்பா வந்தா பாலுக்கு இன்னா பண்ணும்?"

அம்மா ஓங்கிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள். அடி விழாததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"குடு கண்ணு. மாரு வலிக்குது" என்று அத்தை தட்டை வாங்கிக்கொண்டாள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் அள்ளி அள்ளித் தின்றாள். எனக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது. பெற்றவளே இப்படியா?

களத்தில் இருந்த நைனாவிடம் ஓடினேன். "அத்த கீரய தின்னுட்டுச்சி நைனா. பாப்பாவுக்குப் பால் டின் வாங்கியா."

நைனா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு செஞ்சிக்குப் போனார். இருட்டுவதற்குள் உண்மையாகவே ஒரு டின்னோடு வந்தார். அதைப் பார்த்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். செய்த தப்புக்கு அழுகிறாள் என்று நினைத்தேன்.

டின்னை நானே அலமாரியில் ஏற்றி வைத்தேன். பாப்பா எப்போது வந்தாலும் இனிப் பட்டினி கிடக்காது. பாப்பாவை விழுப்புரத்திலேயே புதைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கியவள் நான் ஒருத்திதான்.