அவர் வருவதற்குள் ஒரு கோட்டிங்

போன சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கிள்ளானில் ஒரு கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முன் முடி முழுக்க வெள்ளி. நரை என்று நினைத்துவிடாதீர்கள் — அதற்குத்தான் மாதாமாதம் டை அடிக்கிறேனே. இது கார் பெயிண்ட்.

உள்ளே என் கணவர். அவருக்கு மூச்சு சரியாக வரவில்லை. காரணம் நான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் மணியம் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நல்ல மனிதர். சின்ன வயதிலிருந்து அவருக்கு ஆஸ்துமா உண்டு. பத்து வயதான ஒரு வெள்ளி நிறக் காரும் உண்டு. ஆஸ்துமாவை அவர் கண்டுகொள்வதே இல்லை. காரை மட்டும் ஞாயிறுதோறும் குளிப்பாட்டித் துவட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் கிடந்தேன். அன்றும் துவட்டினார் — காரை.

புதன்கிழமை அவர் கம்பெனி பயிற்சிக்காகப் பினாங்கு போனார். ஞாயிறு மாலைதான் வருவதாகத் திட்டம். போகும்போது சாவியைக் கொடுத்து, "பாத்து ஓட்டு மா" என்றார். அவ்வளவுதான்.

பார்த்துத்தான் ஓட்டினேன். வியாழக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டு, மாடிக் கார் பார்க்கில் ரிவர்ஸ் எடுத்தேன். கர்ர்ர்ர்... என்று ஒரு சத்தம். அங்கே ஒரு தூண் இருந்தது. அது நகரவில்லை.

இறங்கிப் பார்த்தால், இடது பின் கதவில் ஆரம்பித்து சக்கரத்துக்கு மேல் வரை ஒரு கீறல். பூக்காரர் மல்லிகையை ஒரு முழம் அளந்து கொடுப்பாரே, அந்த நீளம்.

கிள்ளானில் எங்கள் வழக்கமான வொர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். "ஒரு வாரம் ஆவும் லா ஆன்டி, ஆளு இல்ல" என்று கையை விரித்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்கலாம் — சொன்னால் என்ன, அடித்துவிடுவாரா? அவர் கொசுவைக்கூட யோசித்துத்தான் அடிப்பார். கத்துவாரா? அதுவும் இல்லை. கீறலைப் பார்ப்பார். ஒரு பெருமூச்சு விடுவார். பேசாமல் உள்ளே போய்விடுவார். கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும். சண்டையைத் தாங்கிக்கொள்ளலாம்... பெருமூச்சை முடியாது.

அன்று சாயங்காலம் வீடியோ பார்க்க உட்கார்ந்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர், பத்தே நிமிடத்தில், சிரித்துக்கொண்டே ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடித்து முடித்தார். இவ்வளவுதானா! பலகாரம் சுடத் தெரிந்தவளுக்கு இது பெரிய வித்தையா?

வெள்ளிக்கிழமை காலை கிள்ளானில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது லெட்சுமி என்று ஒரு பெண். நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை அக்கா என்றார். இருவரில் யார் மூத்தவர் என்ற பேச்சை இருவரும் கண்ணியமாகத் தவிர்த்தோம்.

கார்க் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் கலர் எண்ணைக் குறித்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் தட்டினார். தராசில் டின்னை வைத்து, வெள்ளி, கறுப்பு, கொஞ்சம் நீலம் என்று சொட்டுச் சொட்டாக ஊற்றினார். ஒரு அட்டையில் தடவிக் கதவருகே பிடித்துப் பார்த்தவர், உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, வாங்கினப்போ இருந்த கலர் வேணுமா, இப்ப இருக்கிற கலர் வேணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"பத்து வருஷ வெயிலு லா அக்கா. நீங்களும் நானும் அப்படியேவா இருக்கோம்?"

மறுபடி சில சொட்டுகள் விட்டார். இந்த முறை அட்டை எது, கதவு எது என்று தெரியவில்லை.

பிறகு மேசைமேல் டின்களை வரிசையாக வைத்தார். முதல் டின் பிரைமர். அடுத்தது கலர், அதற்கு டின்னில் எழுதியிருக்கிற அளவு தின்னர். கடைசியில் மேலே பளபளப்பாக வரும் கிளியர். அதில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு ஹார்டனர் கலக்க வேண்டும். கோடு போட்ட பிளாஸ்டிக் கப் ஒன்றையும் தள்ளினார்.

"இதுல அளந்து ஊத்துங்க. இது சாம்பார் இல்ல, கண்ணளவு கையளவு எல்லாம் வேணாம். கலந்தா கொஞ்ச நேரத்துல இறுகிடும், அதனால அடிக்கப் போறப்பதான் கலக்கணும்."

ஒரு சின்ன கம்ப்ரஸரையும் ஸ்ப்ரே கன்னையும் வாடகைக்குக் கொடுத்தார். கடைசியாக ஒரு மாஸ்க். இரண்டு பக்கமும் உருளை உருளையாக ஃபில்டர் வைத்தது. போட்டால் ஈ மாதிரி இருக்கும்.

"வீட்ல துணி மாஸ்க் நிறைய இருக்கே அக்கா" என்றேன்.

லெட்சுமி அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"இந்த ஹார்டனர் சும்மா சாமான் இல்ல. எங்க அண்ணன் வருஷக்கணக்கா மூஞ்சில துண்டு கட்டிட்டு அடிச்சாரு. இப்ப இந்தக் கடைப் படி ரெண்டு ஏறினாலே நின்னுடுவாரு. அதான் கல்லாவுல நான் நிக்கிறேன்."

நான் மாஸ்க்கை எடுத்துக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை. கையுறை போடு. கண்ணுக்குக் கண்ணாடி போடு. நீளக் கைச் சட்டை போடு. பக்கத்தில் அடுப்பு, விளக்கு, சாம்பிராணி எதுவும் எரியக்கூடாது. நாலு பக்கமும் காற்று ஓட வேண்டும். யாரையும் கிட்டே விடாதே. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் டின்னையும் கையோடு டாக்டரிடம் எடுத்துப் போ.

"வீட்ல யாருக்காச்சும் ஆஸ்துமா இருக்கா?"

"இருக்கு. ஆனா இப்ப பினாங்குல இருக்கு" என்றேன்.

இருவரும் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை முழுக்கத் தேய்த்தேன், புட்டி பூசினேன், மறுபடி தேய்த்தேன், பிரைமர் அடித்தேன். பூஜை விளக்கைக்கூட ஏற்றவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கில்லாத வீடு! சாமி மன்னிப்பார், மணியம்தான் பெருமூச்சு விடுவார்.

சனிக்கிழமை காலை, மழை வருவதற்குள் முடித்துவிடலாம் என்று சீக்கிரமே ஆரம்பித்தேன். ஜன்னல், சக்கரம், விளக்கு எல்லாவற்றையும் பழைய பேப்பரால் மூடி டேப் ஒட்டினேன். பெரும்பாலும் நான் பத்திரிகையில் எழுதும் பத்தி வந்த பக்கங்கள்தான். இத்தனை வருடத்தில் நான் எழுதியது முதன்முறையாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது.

அடுத்ததாகத்தான் அந்த முட்டாள்தனம். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி கக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்பவர். அவருடைய வேன் எங்கள் சுவரை ஒட்டி நிற்கும். அதன்மேல் பெயிண்ட் தூறக்கூடாது, என் கதவிலும் தூசி படக்கூடாது. அதனால் போர்ச்சைச் சுற்றி நாலு பக்கமும் பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டேன். காற்று ஓட வேண்டும் என்று லெட்சுமி அக்கா தலைபாடாகச் சொல்லியிருந்தார். நான் கூடாரம் கட்டி அதற்குள் நின்றேன். புத்திசாலி!

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெயிண்ட் அடிப்பது... அடடா. கன்னை அழுத்தியதும் புகைபோல வெள்ளி பறக்கிறது. ஒரு கோட்டிங், பிறகு காயவிட்டு இன்னொன்று. அசிங்கமான சாம்பல் திட்டு கண் முன்னால் மறைகிறது. வாழ்க்கையில் வேறு எந்தத் தவறும் இவ்வளவு அழகாக மறைந்து நான் பார்த்ததில்லை. நடுவே கண்ணாடியைத் தூக்கிவிட்டு நெற்றி வியர்வையை அதே கையுறையால் துடைத்துக்கொண்டேன். தலைமுடி வெள்ளியானது அப்போதுதான்.

கலர் முடிந்தது. கிளியரையும் ஹார்டனரையும் அளந்து கலந்து அடிக்க ஆரம்பித்தேன். பாதிக் கதவு முடிந்திருக்கும். பிளாஸ்டிக் ஷீட் விலகியது.

மணியம்.

பயிற்சி வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டதாம். சனி, ஞாயிறு ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று நண்பர்கள் கூப்பிட்டார்களாம். இவருக்கு வீட்டு நினைவு வந்துவிட்டதாம். முதல் விமானத்தைப் பிடித்து சுபாங்கில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து வந்துவிட்டார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் பினாங்கு பிஸ்கட் டப்பா.

அவர் பார்த்தது என்ன? முகத்தில் மாஸ்க், கண்ணில் பெயிண்ட் படிந்த கண்ணாடி, கையில் துப்பாக்கி மாதிரி ஒன்று. தன் கார் பக்கத்தில் யாரோ.

"ஏய்! யாரு நீ?"

நான் 'போங்க, வெளிய போங்க' என்று கத்தினேன். மாஸ்க்குக்குள்ளிருந்து பூம் பூம் என்றுதான் வந்தது. கையை ஆட்டினேன், கன்னோடு. அவர் உதவிக்கு ஆளைக் கூப்பிடுவதற்காக ஒரு மூச்சு இழுத்தார் பாருங்கள்... நெஞ்சு நிறைய.

அந்த மூச்சு வெளியே வரவில்லை.

முதலில் இருமல். பிறகு இருமலும் நின்று, விசில் மாதிரி ஒரு சத்தம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அந்தச் சத்தத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இப்படிக் கேட்டதில்லை. கன்னைப் போட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்து இழுத்தேன், கேட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு. பையைக் கவிழ்த்து இன்ஹேலரைத் தேடி எடுத்தேன். இரண்டு முறை இழுத்தார். இன்னும் இரண்டு. இன்னும். தோள் ஏறி இறங்கியதே தவிர, காற்று உள்ளே போனதாகத் தெரியவில்லை. உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

காரில் போட்டுக்கொண்டு போகலாம் என்று திரும்பினேன். எந்தக் காரில்? பேப்பர் சுற்றி, டேப் ஒட்டி, ஈரம் காயாமல் நச்சுப் புகைக்கு நடுவே நிற்கிறதே, அந்தக் காரிலா?

"கக் ரோஸ்! கக் ரோஸ்!" நான் அப்படி அலறி அந்தத் தெரு கேட்டிருக்காது.

கக் ரோஸ் கரண்டியோடு ஓடி வந்தார். ஒரு பார்வைதான். "நைக்! நைக்!" என்று வேன் கதவைத் திறந்தார். ஏறு, ஏறு. காரச் சம்பல் பானைக்கும் முட்டைத் தட்டுக்கும் நடுவில் மணியத்தை உட்காரவைத்துப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். கிளம்பும்போதுதான் லெட்சுமி அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் ஹார்டனர் டின்னை எடுத்து வந்தேன்.

ஐந்து நிமிட ரோடு. சிக்னலில் நின்றபோது அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். நான் இன்னும் கையுறையைக் கழற்றவில்லை.

கிளினிக்கில் இளம் வயது டாக்டர், தமிழ்ப் பெண். டின்னை வாங்கி லேபிளைப் படித்த உடனே நர்ஸிடம் ஏதோ சொன்னார். அவரை உள்ளே கொண்டுபோனார்கள். நான் பெஞ்சில்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து என்ன நினைத்தேன் தெரியுமா? பக்கத்து வீட்டு வேன்மேல் ஒரு சொட்டு படக்கூடாது என்று பார்த்தேன். கதவில் தூசி படக்கூடாது என்று பார்த்தேன். ஒரு பெருமூச்சுக்குப் பயந்தேன். அந்த மனிதர் இனி மூச்சே விடாமல் போய்விட்டால்? அழுகை வந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் கை முழுக்கப் பெயிண்ட்.

கக் ரோஸ் வாழை இலையில் கட்டிய ஒரு நாசி லெமாக் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார்.

"இப்ப பரவாயில்ல ஆன்டி. நெபுலைசர் கேட்டுச்சு. ஆனா இது சாயந்திரம் திரும்ப வரலாம், தனியா விடாதீங்க. வந்தா நேரா ஆஸ்பத்திரி. அந்த வீட்டுக்கு இன்னிக்கு அங்கிள் போகவே கூடாது. இனிமே இந்தச் சாமான் அடிக்கிற இடத்துக்கும் கிட்ட போகக் கூடாது, கொஞ்சம் பட்டாலும் கெளப்பி விட்டுடும்." பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க பேப்பர்ல எழுதுறவங்கதானே? எங்கம்மா உங்களைத்தான் படிப்பாங்க. உங்க அட்வைஸ் எல்லாம் கேப்பாங்க."

அந்த அம்மாவுக்கு இந்த இடத்தில் என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

மணியம் படுத்திருந்தார். முகம் வெளுத்திருந்தாலும் நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கியது. எல்லாவற்றையும் சொன்னேன். தூண், கீறல், வீடியோ, கூடாரம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்கா?" என்றார்.

"கோவமா?"

"கீறல் விழுந்த காடிக்கு இல்ல மா." நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது. "என்கிட்ட சொல்லக் கூட பயப்படுற அளவுக்கா... நான் இருக்கேன்? அதான் கஷ்டமா இருக்கு."

வாய் ஓயாமல் பேசுகிறவள் நான். ஊருக்கெல்லாம் எழுதுகிறவள். ஒரு கீறலை அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயப்பட வேண்டிய டின்னைப் பார்த்துச் சிரித்தேன். பயப்படவே தேவையில்லாத மனிதருக்குப் பயந்தேன். என் வீட்டில் மட்டும்தான் இப்படியா?

வீட்டுக்குப் போக முடியாது. ஆகவே காஜாங்கில் அவர் தங்கை விமலா வீட்டில் இரண்டு நாள். ரகசியம் காக்க அதைவிட மோசமான இடம் சிலாங்கூரில் கிடையாது. விமலாவின் கணவர் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு காஜாங் போய்ச் சேர்வதற்குள், எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் வாய்ஸ் மெசேஜ் போய்விட்டது. அன்று சாயங்காலம் டாக்டர் சொன்ன மாதிரியே மூச்சு கொஞ்சம் இழுத்தது. எடு சாவியை என்று எல்லோரும் எழுந்துவிட்டோம். நல்லவேளை, இன்ஹேலரில் அடங்கிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் கிள்ளானில், நான் போனில் விஷயத்தைச் சொன்னதும், லெட்சுமி அக்காவும் கக் ரோஸும் சேர்ந்து பிளாஸ்டிக்கை அவிழ்த்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மிச்ச டின்களை எடுத்துப் போயிருந்தார்கள். லெட்சுமி அக்கா போனில் திட்டிய திட்டை இங்கே எழுத ஆசிரியர் அனுமதிக்க மாட்டார். கதவு பாதி கண்ணாடி மாதிரி மின்னுகிறது, பாதி கரும்பலகை மாதிரி மங்கிக் கிடக்கிறது. மீதியை முறையான ஸ்ப்ரே அறையில், முறையான ஆள் அடிப்பார்.

திங்கட்கிழமை கிளம்பும்போது விமலா தன் காரைக் கொடுத்தாள். புத்தம் புதிது, சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மணியத்துக்கு இன்னும் அசதி. எல்லோர் முன்னாலும் சாவியை என் கையில் வைத்தார்.

"நீயே ஓட்டு மா."

காஜாங்கிலிருந்து கிள்ளான் வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தார். தூங்கினாரா, சாமி கும்பிட்டாரா — நான் கேட்கவில்லை.