இலைக்கும் செந்நீருக்கும் நடுவே

எங்கள் ஆற்றைப் பார்த்துவிட்டு அழகு என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு எரிச்சல்தான் வரும். அது ஒரு இடுக்கு. இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தான பாறை, நடுவில் ஒரு வண்டி அகலத்துக்குத் தண்ணீர். மேலே புல்மேட்டில் ஊறி, சோலைக்காட்டுக்குள் புகுந்து, இன்னொரு ஓடையோடு சேர்ந்து, வளைந்து இதற்குள் விழுகிறது. உள்ளே இறங்கியவனுக்கு ஒரு முழம் வானம்தான் தெரியும். மேலே கூக்கால் ஊர்ப்பக்கம் மழை கொட்டினாலும் அவனுக்கு வெயில்தான். அருவிச் சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது.

என் வீட்டுக்காரர் இரண்டு குதிரைகளில் பூண்டு மூட்டை ஏற்றி பஸ் ரோட்டுக்குக் கொண்டுபோக அதற்குள்தான் இறங்க வேண்டும். தண்ணீரிலேயே கொஞ்ச தூரம் நடந்தால்தான் மறுகரைப் பாதை. அவர் கரையேறும்வரை வளைவுக்கு மேல் பாறையில் நான் நிற்பேன். அங்கிருந்து மேலாறும் தெரியும், கீழே அவரும் தெரிவார். ஆபத்து என்றால் வெள்ளைத் துண்டை ஆட்ட வேண்டும்.

அதற்கும் ஒரு முறை இருந்தது. முதலில் இலையும் சுள்ளியும் வரும். அதற்கு ஆட்டக் கூடாது. காற்றடித்தாலே இலை வரும். பிறகு தண்ணீர் சிவக்கும். அப்போது ஆட்ட வேண்டும். சிவந்த பிறகு வெள்ளம் வர ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் ஆகும். கல்யாணமான புதிதில் நான் இலைக்கே ஆட்டி, அவர் திரும்பி ஏறிவிட, வெள்ளமும் வரவில்லை, பஸ்ஸும் போய்விட்டது. அன்று வாங்கிய திட்டோடு இலையை விட்டுவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. இலை வந்தது. துண்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் எப்போது சிவக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு தனியாக வரவில்லை. வெள்ளமே சிவப்பாக வந்தது. ஆட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். முன்னால் போன குதிரை மூட்டையோடு புரண்டு போனது. அவர் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினார். பாறையில் மோதி முழங்கால் சிதைந்தது. பின்னால் வந்த குதிரை எப்படிப் பிழைத்தது என்று இன்றுவரை தெரியாது.

நான் ஆற்றைப் பார்க்கவே இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கொழுந்தன் டீக்கடையில் வைத்தே சொன்னான்: "மதினி பாறையில நின்னு ஈரத்தலைய ஒணத்திக்கிட்டு இருந்திருக்கும். ஆறு என்ன, சொல்லிட்டா வரும்?" எல்லாரும் சிரித்தார்கள். சிவப்பும் வெள்ளமும் சேர்ந்தே வந்தது என்று நான் சொன்னால், அப்படி ஒருநாளும் வந்ததில்லையே என்றார்கள். வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என்னை நம்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் அவருக்குக் கால் ஊன்ற முடிந்ததும் மேலே கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்து முகட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் ஆற்றில் சேர்கிற அந்த இன்னொரு ஓடை வருகிற வழியில். எங்களுக்கு அங்கே ஒரு சோலியும் இருந்ததில்லை. என் தோளைப் பிடித்து, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். அந்த ஓடை பிறக்கிற இடத்தில் இருந்த சோலைக்காட்டைக் காணோம். எவனோ குத்தகைக்காரன் அடியோடு வெட்டி உருளைக்கிழங்குக்குக் கொத்திப் போட்டிருந்தான். சரிவு முழுக்க வெறும் மண். மழை விழுந்தால் நிற்க இடமில்லை. அந்தக் காடு தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் எங்களுக்கு வெற்றிலை மெல்ல நேரம் கொடுத்திருக்கிறது. அது எங்கள் ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்தாலும் வெட்டியிருப்பான்.

அவர் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து சரிவைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப அன்னைக்கு நீ பாத்துக்கிட்டுத்தான் இருந்தியா?"

நாலு மாதம். அவர் காலைக் கழுவி, எண்ணெய் போட்டு, பக்கத்திலேயே படுத்து, நாலு மாதம்.

"எந்திரிங்க, இருட்டுறதுக்குள்ள எறங்கணும்" என்றேன். இறங்குவதற்கு ஒரு கம்பு ஒடித்துக் கொடுத்தேன். தோளைக் கொடுக்கவில்லை.