நிறைந்திருந்த டிஸ்க்கில் ஒன்றையும் காணோம்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்பு கம்பெனியின் லினக்ஸ் சர்வரை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டேன். அது என்னைப் பார்த்துக்கொண்டது என்றும் சொல்லலாம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் மிகச் சிறப்பாகக் குழம்பிய ஒரு நாளை எழுதிவைக்கிறேன்.

காலை பதினொரு மணிக்கு, டெஸ்பாட்ச் பார்க்கும் சாந்தி மேடம் வந்து நின்றார்.

"லேபிள் பிரிண்ட் ஆவல தம்பி. டிஸ்க் ஃபுல்லுன்னு காட்டுது. லேபிள் ஒட்டாம லோடு ஏத்த முடியாது. பன்னெண்டு, பன்னெண்டரைக்குள்ள லாரி கெளம்பலன்னா சென்னைல கப்பல் போயிடும்."

போன மாதம் ஒரு கப்பலைத் தவறவிட்டதற்கு மெமோ வாங்கியிருந்தார். இன்னொன்று வந்தால் அந்த சீட்டில் அவரை வைத்திருக்க மாட்டார்கள்.

"அஞ்சு நிமிஷம் மேடம்" என்றேன். எந்த வேலைக்கும் நான் சொல்லும் நேரம் அதுதான்.

டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் df அடித்தேன். சர்வரின் சொந்த டிஸ்க்கான ரூட் பார்ட்டிஷன் நூறு சதவீதம் நிறைந்திருந்தது. எந்த ஃபோல்டர் இடத்தைத் தின்கிறது என்று du அடித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் கூட்டினாலும் பாதிகூட வரவில்லை. இரண்டும் பொய் சொல்லாத கமாண்டுகள். அந்த அறையில் பொய் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

பழைய லாக் ஃபைல்களை அழித்தேன். ஐந்தாறு லேபிள் பிரிண்ட் ஆகி, மறுபடி நின்றது. ரீபூட் செய்தேன். சர்வர் சுறுசுறுப்பாக எழுந்து, மறுபடியும் ஃபுல் என்றது.

"இன்னா ஆச்சு?"

"டிஸ்க்ல எடம் இருக்குது மேடம். ஆனா இல்ல."

"ரெண்டுல ஒண்ணு சொல்லு. மேனேஜர்கிட்ட அத்தையே சொல்லிடறேன்."

வேறெதுவும் தோன்றாமல், பேக்கப் எடுக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை அன்மவுண்ட் செய்தேன். அது backup என்ற ஃபோல்டரின் மேல் மவுண்ட் ஆகும், அதாவது ஃபோல்டரைத் திறந்தால் டிஸ்க்கில் உள்ளதுதான் தெரியும். எடுத்துவிட்டால் ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும். உள்ளே மூன்று பேக்கப்புகள் இருந்தன. மறுபடி அன்மவுண்ட் கொடுத்தேன். மவுண்டே ஆகவில்லை என்றது. கேபிளையே பிடுங்கினேன். டிஸ்க் என் கையில், ஃபைல்கள் திரையில்.

கையில் இருந்த டிஸ்க்கின் மேல் காய்ந்துபோன சந்தனம். அப்போதுதான் பேக்கப்புகளின் தேதியைப் படித்தேன். மூன்றும் ஆயுத பூஜை விடுமுறை நாள்கள்.

பூஜைக்கு டிஸ்க்கைக் கழற்றித் துடைத்து, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியது நான்தான். லீவு முடிந்து வந்துதான் திரும்பச் சொருகினேன். தினமும் தானாக ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்கு லீவு கிடையாது. டிஸ்க் இல்லாத வெறும் ஃபோல்டரில், அதாவது ரூட் பார்ட்டிஷனிலேயே, மூன்று நாளும் எழுதியிருக்கிறது. அதன் மேல் டிஸ்க் மவுண்ட் ஆனதும் எழுதியவை மறைந்துவிட்டன. மிச்சமிருந்த இடமும் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது. அடியில் கிடந்ததை df எண்ணியது. du-வின் கண்ணில் படவில்லை.

அழிக்கக் கை வரவில்லை. டிஸ்க்கை இன்னொரு கம்ப்யூட்டரில் சொருகி, நேற்றைய பேக்கப் பத்திரமாக இருப்பதைப் பார்த்த பிறகே அந்த மூன்றையும் அழித்தேன். பிரிண்டர் ஓடியது. பன்னிரண்டரைக்கு லாரி கிளம்பியது.

உங்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுதும்படி ஸ்கிரிப்ட்டின் முதல் வரியை வையுங்கள். அன்றைக்கே நான் அதைச் சேர்த்தேன். இன்னொன்றையும் அன்றைக்கே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. சாயங்காலம் சாந்தி மேடம் ஒரு பேப்பரோடு வந்தார்.

"கப்பல் கெடச்சிடுச்சி. ஆனா லோடு ஏத்த லேட்டானது ஏன்னு எழுதிக் குடுக்கணும். இன்னா போடட்டும்?"

"ஃபைல் சிஸ்டத்துல கோளாறுன்னு போடுங்க."

"யாரு பண்ணதுன்னு கேப்பாங்களே."

வழக்கமாக இந்த இடத்தில் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசித் தப்பித்துவிடுவேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

"நான்தான் மேடம்."

அவர் தலையாட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"உன் இனிஷியல் இன்னா தம்பி?"