டாலர் ஏறுமா, மாப்ள?

போன வாரம் ஏலக்காய் விலை ஏறியது. சும்மா இல்லை, நன்றாகவே ஏறியது. கம்பம் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் சந்தோஷமாக இருந்த அன்று காலையில், எங்கள் வீட்டு கேட்டில் சகலை அந்தோணியின் பைக் வந்து நின்றது. எனக்குக் கதவைத் திறக்கவே தயக்கமாக இருந்தது.

விலை ஏறினால் எனக்கென்ன தயக்கம்? அதற்குச் சில மாதங்கள் பின்னால் போகவேண்டும்.

என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி அருள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளாதாரப் பேராசிரியர். சர்வதேச மேக்ரோ எகனாமிக்ஸ் அவனுடைய துறை. டாலர் மதிப்பு மாறினால் அந்த மாற்றம் நாடு நாடாகக் கடந்து ஓர் ஊரின் விலைவாசியில் எவ்வளவு வந்து சேருகிறது, எவ்வளவு வழியிலேயே கரைந்துபோகிறது... இதைத்தான் பல வருஷங்களாக ஆராய்கிறான். லீவுக்கு பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான்.

தெருவுக்கு இது எப்படிப் புரிந்தது தெரியுமா? "டாலருக்குப் படிச்சவுக வந்திருக்காக!"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் ஹாலில் உட்கார இடமில்லை. ஒருவர் மகனைக் கனடாவுக்கு அனுப்பலாமா என்றார். ஒருவர் ஷேர் வாங்கலாமா என்றார். பக்கத்து வீட்டு அம்மா, நகை எடுக்க எந்தக் கிழமை நல்லது என்று கேட்டார். பேராசிரியர் நெற்றியைத் தடவிக்கொண்டு காபி குடித்தார்.

அப்போதுதான் சுருளிப்பட்டியிலிருந்து சகலை வந்தார், கூடவே மேரி மதினி. மதினி சகலையின் மனைவி; ஸ்டெல்லாவுக்கும் அருளுக்கும் மூத்த அக்கா.

சகலைக்கு குமுளிக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. அது போதாதென்று ஒரு புரோக்கர் அவர் காதில் ஓதியிருந்தார். டாலர் ஏறுகிறது, ஏலக்காயும் ஏறும், இப்போதே வாங்கி இருப்பு வையுங்கள் என்று. வாங்கப் பணம்? சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டத்தை அடமானம் வைப்பது. அந்தத் தோட்டம் கல்யாணத்தின்போது என் மாமனார் மதினிக்குக் கொடுத்தது. மதினி கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். மதினிக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனால் வாய்திறந்து சொல்லவும் முடியவில்லை.

"ஏறுமா, ஏறாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு மாப்ள. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார் சகலை.

ஸ்டெல்லா தம்பியை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏலே, அக்கா மொகத்தப் பாத்தியா? வெல எறங்கிரும், வாங்காதீகன்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா மச்சான் கேப்பாக."

"எனக்குத் தெரியலையேக்கா."

"தெரியாட்டி என்னடா? நல்லதுக்குத்தான சொல்லச் சொல்றேன்!"

நானும் அவள் பக்கம்தான். கூடப்பிறந்தவளுக்காக ஒரு சின்னப் பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவான்? சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தீர்த்துக்கொள்ளலாமே!

அருள் ஹாலுக்குத் திரும்பி சகலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியாது மச்சான்."

"என்னது?"

"டாலர் ஏறுனா வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம சரக்கு சல்லிசு. அது நெசந்தான். ஆனா அந்த நேரம் பாத்து குவாத்தமாலாவுல வெளச்சல் கூடுனா, வாங்குறவன் அங்கன போயிருவான். இங்கன நம்ம சனம் தீவாளிக்கு எம்புட்டு வாங்கும்னு வேற இருக்கு. இதுல டாலரோட பங்கு எவ்வளவுன்னுதான் இத்தன வருசமா தேடிட்டிருக்கேன். நடந்து முடிஞ்சதப் பத்திக் கேளுங்க, சொல்றேன். அடுத்த மாசத்தச் சொன்னா அது பொய்."

"அம்புட்டுப் படிச்சும் தெரியலயா?"

"ஆமா மச்சான்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். சகலை போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, புரோக்கரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, இதையே தொழிலா வச்சிருக்கவுக எங்க மாப்ள. அவுகளுக்கே தெரியலங்காக. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லாரும் அப்பிடித்தாண்ணே சொல்றாக..."

"எவன்யா அந்த எல்லாரும்?"

சகலை போனை வைத்துவிட்டு இலை போடச் சொன்னார். அடமானப் பேச்சு அதோடு நின்றுபோனது. அருளும் லீவு முடிந்து கிளம்பிவிட்டான்.

இப்போது விலை ஏறிவிட்டது! புரோக்கர் சொன்னது பலித்துவிட்டது. கேட்டில் சகலையின் பைக். பின்சீட்டில் மதினி. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

சகலை உள்ளே வந்தார். நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏறிருச்சு சகலை."

"ஆமாண்ணே... கேள்விப்பட்டேன்."

"மாப்ள சொன்னது நூத்துக்கு நூறு சரி. அவுகளுக்கு ஒண்ணுமே தெரியல!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் வலி இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபம் இல்லை. முடிவு அவர் எடுத்தது. யாரைக் குறை சொல்வார்?

மேரி மதினி அடுப்படியில் ஸ்டெல்லாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அன்னைக்குத் தம்பி மட்டும் வெல எறங்கும்னு சொல்லியிருந்தான்னு வையி... ஒன் தம்பி பேச்சக் கேட்டுக் கெட்டேன்னு காலம்பூரா சொல்லிக் காட்டியிருப்பாக. சாமி புண்ணியம், அவன் சொல்லல."

ஸ்டெல்லா அவசரமாகக் காபி கலக்கத் திரும்பினாள். நான் பேப்பரை எடுத்து விரித்தேன். பொய் சொல்லச் சொன்ன கட்சி அல்லவா நாங்கள்?

டிவியைப் போடுங்கள், போனைத் திறந்து பாருங்கள். தங்கம், ஷேர், யுத்தம், மழை... எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. நமக்கும் அப்படிப்பட்டவர்களைத்தான் பிடிக்கிறது. ஒரு கேள்வியோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய ஒருவன், சொந்த அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டே 'தெரியாது' என்று சொல்ல எவ்வளவு திடம் வேண்டும்! அன்று எனக்கு அவன்மேல் எரிச்சல்தான் வந்தது. இன்று மனசு நிறைந்து சொல்கிறேன் — நன்றி, மாப்ள.

சகலை திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அட நீங்க வேற! நேற்றுகூட அருளுக்கு போன் போட்டு "டாலர் ஏறுமா மாப்ள?" என்று கேட்டிருக்கிறார்.

மதினியிடம் கையெழுத்து மட்டும் கேட்பதில்லை.