ஒரகடம் பக்கம் ஒரு காலை ஏழு மணி நூலகம்

நூலகத்துக்கு ஆள் சேர்க்கவா பயணம் போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம், போனேன். தை மாதத்தில் ஒருமுறை, மாசியில் ஒருமுறை. உங்கள் ஊர் நூலகத்துக்காக இப்படி ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படலாம் என்றுதான் எழுதுகிறேன். உற்சாகம் தேடி வந்திருந்தால் மன்னிக்கவும், இந்தக் கட்டுரையில் அது இல்லை.

நான் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர். மலர்க்கொடி நான் எடுத்த ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கமானவர். வல்லம் வடகால் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கிராமத்தில் ஊர்ப்புற நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறார், அதே ஊர்க்காரர். ஊர்ப் பெயரை எழுதவில்லை, அவருக்குத் தொந்தரவு வரும். பொங்கல் முடிந்த வாரம் போன் செய்தார்.

"மேடம், ஆளே வர்றதில்ல. இப்டியே போனா டவுன் கிளையோட சேத்துடுவாங்களாம். விளம்பரம், நிகழ்ச்சின்னு கிளாஸ்ல அவ்ளோ சொன்னீங்களே, ஒருவாட்டி வந்து பாருங்க."

தாம்பரத்திலிருந்து ஒரகடம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். படப்பை வழியாகப் பேருந்து உண்டு, ஒரு மணி நேரம் ஆகும். காலை ஆறரைக்குள் ஏறிவிடுங்கள், பிறகு கம்பெனி பேருந்துகளின் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரகடம் மேம்பாலத்தின் கீழ் ஷேர் ஆட்டோ கிடைக்கும், முப்பது ரூபாய். நூலகம் என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"அந்த டேங்க் பக்கத்து ரூமா? ரேஷன் கடை குடோன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன். டெய்லி அந்தாண்டதான் போறேன்."

பிரச்சினை முழுவதையும் அவரே சொல்லிவிட்டார். பெயர்ப்பலகை மங்கி எழுத்தே தெரியவில்லை. உள்ளே ஓர் அறை, நான்கு அலமாரி, இரண்டு மேசை, மாலையில் திறந்ததும் நாளிதழுக்காக வந்த பெரியவர்கள் இரண்டு பேர். ஆனால் சுற்றிலும் மூன்று கிலோமீட்டருக்குள் எத்தனை விடுதிகள். ஒவ்வோர் அறையிலும் தென்மாவட்டத்துப் பெண்கள் ஆறு பேர், எட்டு பேர்.

மறுநாள் காலை கடைத்தெரு டீக்கடையில் முத்துமாரியைச் சந்தித்தோம். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, வயது இருபத்திரண்டு. செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்கிறாள். அரசுத் தேர்வு எழுத ஆசை. நூலகம் இருப்பதையும் திறக்கும் நேரத்தையும் சொன்னதும் முகத்தைச் சுருக்கினாள்.

"இங்கன லைப்ரரி இருக்கா? சாயங்காலந்தானக்கா தெறப்பாக. அப்ப நாங்க நைட் ஷிப்ட் பஸ்ஸுல ஏறிருவோம். காலைல தெறந்தா வாரோம்."

நூலகத்தை எப்படிப் பிரபலப்படுத்துவது என்று பத்து வருடமாக வகுப்பெடுக்கிறேன். இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்ல வந்ததில்லை. மலர்க்கொடி தன் மேலதிகாரிக்குப் போன் போட்டார். வாசகர் வந்தால் சரி, திறங்கள் என்று வாய்வார்த்தையாக அனுமதி கிடைத்தது. ஒரகடத்தில் சுவரொட்டி அச்சடித்தோம். 'நைட் ஷிப்ட் முடிஞ்சுதா? ஏழு மணிக்கு நூலகம் திறந்திருக்கும், டீ உண்டு' என்பதுதான் வாசகம். விடுதி வாசல்களிலும் பேருந்து நிற்கும் இடங்களிலும் நாங்களே ஒட்டினோம். பெயர்ப்பலகைக்கு மலர்க்கொடியே வண்ணம் அடித்தார்.

திங்கட்கிழமை ஒன்பது பெண்கள் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கூச்சத்தோடு செருப்பை வாசலில் வரிசையாக விட்டார்கள். ஒருத்தி வார இதழைப் புரட்டினாள். முத்துமாரி தேர்வு வழிகாட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். எட்டு மணிக்குப் பார்த்தால் இரண்டு பேர் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பப் போனேன்.

"வுடுங்க மேடம்," என்றார் மலர்க்கொடி. "ரூம்ல பகல் ஷிப்ட் பொண்ணுங்க கெளம்புற சத்தத்துல எங்க தூங்குறது? கண்ணு முழிச்சா தானா படிக்கும்."

அவர் சொன்னது போலவே நடந்தது. விழித்தவர்கள் புத்தகம் கேட்டார்கள். நான் தாம்பரம் திரும்பிய பிறகு, அடுத்தடுத்த வாரங்களில் மலர்க்கொடி தினமும் போனில் பேசுவார். உட்கார இடமில்லை, பாய் வாங்கிப் போட்டேன் என்பார். சனிக்கிழமைகளில் ஒருத்தி சத்தமாகக் கதை வாசிப்பாளாம், மற்றவர்கள் கேட்பார்களாம். என் வேலையில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மாசியில் ஒருநாள் குரல் மாறி வந்தது. "மேடம், கம்ப்ளெய்ண்ட் குட்த்துட்டாங்க. நூலகத்துல தூங்குறாங்கன்னு போட்டோ புட்ச்சி அனுப்பிட்டாங்க."

அன்று மதியமே கிளம்பினேன். புகார் கொடுத்தவர் தணிகாசலம், ஊரில் செல்வாக்கு உள்ளவர். வீட்டுக்குப் போனோம். சண்டைக்கு வரும் ஆள் என்று நினைத்திருந்தேன். நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, பிறகுதான் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. அந்தப் பொண்ணுங்க மேல எனக்கு இன்னா கோவம்? ஏரிக்கு அந்தாண்ட எங்க நெலம் மூணு ஏக்கரா, கம்பெனிக்குப் போச்சி. வேலை தர்றேன்னாங்க, எம் பையன் இன்னும் காண்ட்ராக்ட்லதான் கீறான். ரோடு அவங்க பஸ்ஸுக்கு, தண்ணி அவங்க ஹாஸ்டலுக்கு. ஊருக்குன்னு மிச்சம் கீறது அந்த ஒரு ரூம்பு. அதுலயும் வெளியூர்க்காரங்க வந்து படுத்துகினா, நாங்க எங்க போறது?"

"உங்க வீட்டுப் பிள்ளைங்களும் வரலாமே ஐயா," என்றேன்.

"இத்தினி நாள்ல எங்க வூட்டுப் புள்ளைங்கள யாரு வந்து கூப்புட்டீங்க?"

மலர்க்கொடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரொட்டியில் நாங்கள் எழுதியது நைட் ஷிப்டைப் பற்றி மட்டும்தான்.

அடுத்த நாள் வாலாஜாபாத் வழியாக மாவட்ட அலுவலகத்துக்கு, போனில் அனுமதி தந்த அதே மேலதிகாரியைப் பார்க்கப் போனோம். பேருந்தில் ஒன்றரை மணி நேரம், பிறகு வராந்தாவில் இரண்டு மணி நேரம். முப்பது பெண்கள் தினமும் வருகிறார்கள், யாரும் இல்லாத நூலகத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"எல்லாம் நல்ல விஷயம்தாம்மா. ஆனா காலையில திறக்கச் சொல்லி எழுத்துல உத்தரவு எதுவும் இல்லையே? ஊர்க்காரங்க, பஞ்சாயத்து குடுத்த அந்தக் கட்டடத்தையே திருப்பிக் கேக்குறாங்க. ஆளே வராதப்போ இணைக்கணும்னு சொன்னோம். இப்ப ஆள் வந்ததால பிரச்சினை. நான் என்ன செய்ய?"

டவுன் கிளையோடு இணைக்க முடிவாகிவிட்டது. மலர்க்கொடிக்கு டவுனில் வேலை. வெளியே வந்ததும் அவர் அழவில்லை. பேருந்து நிலையத்தில் பூ வாங்கினார், தலையில் சூடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெண்கள் வழக்கம்போல வந்தார்கள். மலர்க்கொடி கதவைத் திறக்கவில்லை. வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். லைனில் சூப்பர்வைசர் பேசும்போது நிற்பது போல நின்று கேட்டுவிட்டு, பழக்கத்தில் கழற்றிவிட்டிருந்த செருப்பைப் பெண்கள் ஒவ்வொருவராகத் தேடினார்கள். முத்துமாரி மட்டும் பையிலிருந்து தேர்வு வழிகாட்டியை எடுத்து நீட்டினாள்.

"இன்னும் பாதி கூட முடியல," என்றாள்.

"நீயே வச்சிக்கோம்மா," என்றார் மலர்க்கொடி. "படிச்சிட்டுக் குடு."

"அடைச்சுப்போட்டா யாருகிட்டக்கா திருப்பிக் குடுக்க?"

வாங்கிக்கொள்ளும்வரை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

இனி கிளம்புகிறவர்களுக்கு. தங்குவதற்கு ஒரகடத்தில் தொள்ளாயிரம் ரூபாயில் சுமாரான விடுதி கிடைக்கும், ஸ்ரீபெரும்புதூரிலோ தண்டலத்திலோ தங்கினால் காலையில் வந்து சேர நேரமாகும். சுவரொட்டி ஒட்டுவதற்கு முன் ஊர்க்காரர்களின் வீடுகளுக்குப் போங்கள், அவர்கள் பிள்ளைகளை முதலில் அழையுங்கள். எந்த அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். தொழிலாளிகளின் நேரத்துக்குத் திறங்கள், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை.

இதையெல்லாம் செய்தால் நூலகம் பிழைத்துவிடும் என்று என்னால் சொல்ல முடியாது. நிலம் இழந்தவர்களும் தூக்கம் இழந்தவர்களும் ஓர் அறைக்காக எதிரெதிரே நிற்கும் ஊரில், நல்ல சுவரொட்டி எவ்வளவு தூரம் போகும்? அந்த அறையில் இப்போது பஞ்சாயத்துக்காரர்கள் கொசு மருந்து அடிக்கும் இயந்திரத்தை வைத்திருக்கிறார்கள். தணிகாசலம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த அறை கிடைக்கவில்லை.