மூன்று முறையும் வலது பக்கம்

என் மகளுக்கு நான்கு வயது ஆவதற்குள் மூன்று முறை நிமோனியா வந்தது. மூன்றாவது முறை சேலத்துக்குக் காரில் கூட்டிப்போனபோது, பின் சீட்டில் என் மனைவியின் மடியில் கிடந்தவளுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே ஒட்டியது. சாலையைவிடக் கண்ணாடியில் அவளைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

தப்பு என்னுடையது என்றே நம்பியிருந்தேன். நாமக்கல் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை. தீவனத் தூசி என் சட்டையோடு வீட்டுக்கு வரும். போதாததற்குச் சிகரெட் வேறு. இரண்டாவது முறை வந்தபின் சிகரெட்டை விட்டேன். பண்ணையிலேயே குளித்து உடை மாற்றிய பிறகுதான் அவளைத் தூக்கினேன். அப்படியும் வந்துவிட்டது.

டாக்டர் நிறையக் கேட்டார். எடை குறைந்து பிறந்தாளா, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா, தடுப்பூசிகள் போட்டாயிற்றா. தூசியையும் புகையையும் நானே சொன்னேன். பிறகு மூன்று எக்ஸ்ரேக்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"மூணு தடவையும் வலது பக்கம், அதே இடம். தூசி மட்டும்னா இப்படி ஒரே எடத்துல வர்றது கம்மி. எதையாவது தின்னும்போது புரையேறி மூச்சுத் திணறுச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மனைவி பேசினாள்.

"போன வருசம் கடலைக்காய் காயப்போட்டிருந்தோமுங்க. வாயில போட்டுட்டு ஓடுனா. திடீர்னு இருமி மொகமெல்லாம் நீலமாயிருச்சுங்க. முதுகுல தட்டுனேன், சரியாயிட்டா." என் பக்கம் திரும்பாமலே, "நீங்க வைவீங்கன்னு சொல்லலைங்க" என்றாள்.

அதற்கடுத்த மாதம்தான் முதல் நிமோனியா வந்திருந்தது.

மறுநாள் காலை மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் இருவரும் காத்திருந்தோம். கோபத்தில் இருக்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கோ, என் வாய்க்குப் பயந்து ஒருத்தி ஒரு வருடம் இதைச் சுமந்திருக்கிறாளே என்பதுதான் தாங்கவில்லை.

டாக்டர் ஒரு சின்னக் குப்பியோடு வந்தார். அதில் கறுத்துப்போன அரை நிலக்கடலைப் பருப்பு.

"நுரையீரல் தேற நாளாகும். காரணம் இந்தக் கடலைதான்னு மறுபடி சிகரெட்டத் தொட்டுராதீங்க."

தலையாட்டினேன். மனைவி அப்போதுதான் அழுதாள்.

"ஏனுங்க, கோவமுங்களா?"

"எம்மேலதான்" என்றேன்.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நிமோனியா திரும்பவில்லை. ஆனாலும் லேசாக இருமினால் போதும், நாங்கள் இருவருமே எழுந்து அவள் முதுகில் காது வைத்துப் பார்க்கிறோம்.