பரமு அண்ணன் ஓட்டிப் பார்க்காத வண்டி

செய்தி வந்தபோது நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். காலை பத்து மணி இருக்கும். பட்டறைத் தொலைபேசி விடாமல் அடித்தது. திட்டிக்கொண்டே எழுந்து போய் எடுத்தேன். பரமு அண்ணனின் மகள் மாலதி பேசினாள்.

"அங்கிள், அப்பா போயிட்டாரு."

"எந்த வண்டியில?" என்றுதான் கேட்டேன். எப்படி என்று கேட்கவில்லை, எப்போது என்றும் கேட்கவில்லை.

"வண்டியில இல்ல அங்கிள், வீட்டுலதான். பசியாறிட்டு நாற்காலியில உக்காந்தாரு. கூப்பிட்டேன், எழுந்திரிக்கல" என்று சொல்லி அழுதாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வண்டியில் இல்லை, நாங்கள் தொட்ட எந்த வண்டியிலும் இல்லை என்ற நிம்மதி. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. புக்கிட் ரம்பாய்ப் பட்டறையில் அவரோடு பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவனுக்கு, தொலைபேசி அடித்தாலே மனம் அந்தப் பக்கம்தான் ஓடும்.

பதினாறாம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள் இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று மாலதி கேட்டாள். எழுதப் பயமாக இருக்கிறது. பரமு அண்ணனைப் பற்றி ஊரில் ஐந்து வருடமாக ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நான் எதையும் எழுத முடியாது.

பரமசிவம் என்ற பெயரை அடையாள அட்டைக்கு வெளியே யாரும் பயன்படுத்தியதில்லை. பரமு, பரமு அண்ணன், முதுகுக்குப் பின்னால் பயந்தாங்கொள்ளி பரமு. தொழிற்சாலை வரிசையின் கடைசியில் இருந்த தகரக் கொட்டகை எங்கள் இருவருடையது. பதினைந்து, இருபது வருடம் ஓடிய ஜப்பான் கார்களைப் பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவருவார்கள். ஜப்பானில் முன்பாதியாக வெட்டிக் கப்பலில் வரும் வண்டியை இங்கே ஹாஃப்கட் என்போம். அதிலிருந்து என்ஜினைக் கழற்றி இந்தப் பழைய உடம்பில் ஏற்றுவேன். ஏற்றியதும் வண்டிக்கு இரண்டு மடங்கு பலம் வந்துவிடும். நான் என்ஜின்காரன். அவர் பிரேக்காரர். நான் வண்டியை ஓட வைப்பேன், அவர் நிற்க வைப்பார். வாடிக்கையாளர்கள் எனக்குத்தான் கை கொடுப்பார்கள்.

அவர் பயந்தவர் என்பதில் பொய் இல்லை. முடித்த வண்டி கேட்டைத் தாண்டினால் சாலை திரும்பும் இடம் வரை பார்த்துக்கொண்டே நிற்பார். அதற்கப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். "அப்படி என்னதான் அண்ணே பயம்? சின்ன வயசுல எதுலயாச்சும் அடிபட்டீங்களா?" என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன்.

"பயப்படுறதுக்குக் காரணம் வேணுமாடா? ஒரு டன் இரும்பு ஓடுது. உள்ள மனுசன் உக்காந்திருக்கான். போதாதா?" என்றார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. என்ஜின் மாற்றிய எந்த வண்டியும் அவர் ஓட்டிப் பார்க்காமல் வெளியே போகக் கூடாது. அவர் ஓட்டும்போது, வேலை செய்தவன் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும். எவ்வளவு கெஞ்சினாலும் விடமாட்டார். முதல் தடவை என்னை உட்கார வைத்துத் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் நேர்சாலையில் முழுசாக மிதித்தார். பிறகு சுவரைப் பார்த்துப் போய் பிரேக் போட்டார். என் குடல் வாய்க்கு வந்துவிட்டது.

"பயந்தியா?"

"இல்ல" என்று வீராப்பாகச் சொன்னேன்.

"அப்போ உள்ள போய் எல்லா போல்ட்டையும் இன்னொரு தரம் முறுக்கிப் பாரு" என்றார். பார்த்தேன். ஒன்று லூசாகத்தான் இருந்தது.

இனி தேவராஜ் வண்டியைப் பற்றி எழுத வேண்டும். தேவராஜை உங்களில் பலருக்குத் தெரியும். பக்கத்து ஊர் செங்கில் தொழிற்சாலை வேலை, நல்ல பையன், வண்டிப் பித்து. மாமா கொடுத்த பழைய காருக்கு டர்போ என்ஜின் வைக்கச் சொன்னான். வைத்தேன். நான் வைத்தவற்றிலேயே அழகான வேலை என்று அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

வண்டி தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். காலுக்குத் துணையாகப் பிரேக்கில் ஒரு வட்டப் பெட்டி இருக்கும். என்ஜின் அதிலிருந்து காற்றை உறிஞ்சுவதால்தான் பெடல் மெத்தென்று இறங்கும். டர்போ வேலை செய்யும்போது காற்று எதிர்த் திசையில் தள்ளும். அது பெட்டிக்குள் போய்ப் பெடலை இறுக்கிவிடாமல் தடுக்க, நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸுக்குள் ஒருவழி வால்வு ஒன்று ஒளிந்திருக்கும். வெளியே பார்த்தால் வெறும் ஹோஸ்தான். தேவராஜ் வண்டியில் அந்த ஹோஸ் ஓரம் வெடித்திருந்தது. அழகான வேலையில் அசிங்கமாக ஒரு ஹோஸ் எதற்கு என்று புதுச்சுருளில் ஒரு துண்டு வெட்டி மாட்டினேன். பழையதைத் தூக்கி மூலையில் எறிந்தேன். உள்ளே வால்வு இருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அது ஒரு சனிக்கிழமை. பரமு அண்ணன் தன் மனைவி சரோஜா அக்காவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தார். மறுநாள் ரெம்பியாவில் மாமியார் வீட்டில் பிள்ளைக்குக் காதுகுத்து என்று தேவராஜ் மனைவியையும் இரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டே வந்துவிட்டான். கொட்டகைக்கு முன்னால் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பிரேக் நன்றாகப் பிடித்தது. டர்போ வேலை செய்யாத மெது வேகத்தில் நன்றாகத்தான் பிடிக்கும்.

"பரமு அண்ணன் வந்து ஒருவாட்டி பாக்கணும்" என்றேன், பேருக்கு.

"நீங்க பாத்தாச்சுல்ல அண்ணே, போதும்லா" என்றான்.

எனக்கு அது இனித்தது. போ என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "அலோர் காஜா ரோட்டுல நேரா வர்ற எடத்துல ஒரு மிதி மிதிச்சுப் பாரு, அப்பறம் சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன்.

பரமு அண்ணன் வந்ததும் கேட்டது, "தேவராஜ் வண்டி எங்க?" போய்விட்டது என்றேன். என்னைத் திட்டவில்லை. மூலைக்குப் போய் அந்தப் பழைய ஹோஸை எடுத்தார். துணியால் துடைத்து வாயில் வைத்து ஊதினார். காற்று போனது. திருப்பி மறுமுனையில் ஊதினார். கன்னம் உப்பியது, காற்று போகவில்லை.

"இதுக்குப் பதிலா என்னா போட்ட?"

"புது ஹோஸ்."

"வால்வு?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஹோஸைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு பட்டறை வேனின் சாவியை என்னிடம் எறிந்தார். "நீ ஓட்டு. நான் ஓட்டினா இன்னைக்குள்ள போய்ச் சேர மாட்டோம்" என்றார்.

எங்களில் யாரிடமும் அப்போது கைத்தொலைபேசி கிடையாது. ரெம்பியா வீட்டு எண்ணும் தெரியாது. வேனை விரட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடித் தூள் கிடக்கிறதா என்றுதான் பார்த்தேன். பின் இருக்கையில் அந்தப் பிள்ளை பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு மிதி மிதித்துப் பார் என்று நானே சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ரெம்பியாவுக்கு இரண்டு மைல் இருக்கும்போது வாகனங்கள் நின்றன. முன்னால் கூட்டம். ஒரு போலீஸ் மோட்டார் சைக்கிள். யாரோ கையை உயர்த்தி எதையோ காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். இறங்கவில்லை. ஊரே பயந்தாங்கொள்ளி என்று சொன்ன மனிதர் கதவைத் திறந்து இறங்கினார். நேராக அந்தக் கூட்டத்துக்குள் நடந்து போனார். அவர் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது.

"லோரி. செம்பனைக் குலை ஏத்தின லோரி சாஞ்சிருச்சு. ஆளுக்கு ஒண்ணுமில்ல. எடு வண்டிய" என்றார். ஏறி உட்கார்ந்ததும் வாந்தி எடுத்தார்.

தேவராஜ் வண்டி மாமியார் வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் முழுசாக நின்றது. அவன் வாசலில் நின்றான். அவன் மனைவி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னா அண்ணே இது? நீங்க சொன்ன மாதிரி ஒரே ஒரு மிதி மிதிச்சேன். அப்பறம் பிரேக்க தொட்டா பெடல் கல்லு மாதிரி! முன்னால மோட்டோவுல ஒரு வயசான பாக்சிக், பின்னால புல்லுக்கட்டு. ஹேண்ட்பிரேக்க இழுத்து, ஓரத்துல எறக்கி... ஒரு முழத்துல தப்பிச்சோம் அண்ணே. யாரு செஞ்ச வேல இது?"

நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் தம்பி" என்றார் பரமு அண்ணன். "பிரேக்கு என் வேல. ஒரு சாமான விட்டுட்டேன்."

தேவராஜ் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். துணி கிழிந்தது. அவர் கையைக்கூட உயர்த்தவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். திறந்த வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அந்த வால்வை வெட்டி எடுத்துப் புது ஹோஸுக்கு நடுவில் வைத்துக் கட்டினோம். தேவராஜ் இனி அதில் ஏறமாட்டேன் என்றுவிட்டான். பரமு அண்ணன் ஓட்டுநர் இருக்கையை எனக்குக் காட்டிவிட்டுப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"நீங்கதானே அண்ணே ஓட்டணும்?"

"தப்பு என்னுதுன்னு சொல்லியாச்சு. செஞ்சவன்தானே பக்கத்துல உக்காரணும்? எடு. முழுசா மிதி."

டர்போ ஊதும் சத்தம் கேட்டது. அவர் முருகா முருகா என்று முனகுவதும் கேட்டது. பிரேக்கை அழுத்தினேன். பெடல் மெத்தென்று இறங்கி வண்டி நின்றது. "இன்னொரு தரம்" என்றார். ஏழு தரம் அப்படிச் செய்ய வைத்தார். ஒவ்வொரு தரமும் பயந்தார், ஒரு தரமும் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் ஏன் அண்ணே அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உன்னைய நம்பித்தான் பட்டறைக்கு ஆள் வருது குணா. என்னையதான் ஏற்கெனவே பயந்தாங்கொள்ளின்னு சொல்றானுங்க. கூட ஒண்ணு சேத்துச் சொல்லட்டும், விடுடா" என்றார்.

சேர்த்துச் சொன்னார்கள். பரமு பிரேக்கில் கோட்டை விட்டுவிட்டான், ஒரு குடும்பமே போயிருக்கும் என்று செங் வரைக்கும் பேச்சு போனது. என்ஜினை என்னிடம் கொடுத்துவிட்டுப் பிரேக்கை வேறு கடையில் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவர் தொழிற்சாலைப் பேருந்துகளுக்கும் டாக்சிகளுக்கும் பிரேக் மாற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிடுகிறேன் அண்ணே என்று பலமுறை சொன்னேன். அவர் விடுடா என்பார். அந்த வார்த்தை வந்துவிடாதா என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் நானும் சொன்னேன் என்பதை இப்போது மறைக்க மாட்டேன்.

இறுதி ஊர்வலத்தன்று தேவராஜ் மகளோடு வந்திருந்தான். ஏழு வயது, முன்பல் விழுந்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "நல்ல மனுசன் அண்ணே. அன்னைக்கு மட்டும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்."

நான் தலையாட்டினேன். பரமு அண்ணன் முகத்துக்கு எதிரில் நின்று தலையாட்டினேன். நாலடி தள்ளி சரோஜா அக்கா உட்கார்ந்திருந்தார்.

இதுவரை எழுதியதை நேற்று அக்காவிடம் எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் வரி தவறியது. அவர் கடைசி வரை கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியும். கிழிஞ்ச சட்டையோட வந்தாரு, கேக்காம இருப்பனா? குணாகிட்ட ஒண்ணும் கேக்காதன்னுட்டாரு."

"நான் சொல்றேன்னுதான் அக்கா சொன்னேன். அவருதான் விடுன்னாரு."

"அவரு விடுன்னுதான் சொல்லுவாரு" என்றார் அக்கா. "நீ விட்டிருக்கக் கூடாது தம்பி."

பரமு அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய பயத்தை. அவர் போனபின் முடித்த முதல் வண்டி போன வாரம் கேட்டைத் தாண்டியது. அது திரும்பும் இடம் வரை பார்த்துக்கொண்டு நின்றேன், அதற்கப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பயம் என்னிடம் இருக்கட்டும். பழியை அவரிடம் இருக்க விடமாட்டேன். தேவராஜ், அந்த ஹோஸை வெட்டியவன் நான், மிதித்துப் பார் என்று சொன்னவனும் நான். இந்த மலர் உன் கைக்கு வந்ததும் பட்டறைக்கு வா. உன் மனைவியையும் அழைத்து வா. என்னிடம் என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கேதான் இருப்பேன்.